பணியேற்பிடைக் காலம்

அப்பாவுக்கு ஏழு நாள் கொடுத்தார்கள்.
முத்துப்பேட்டைப் பக்கத்து மதகிலிருந்து
திருக்காட்டுப்பள்ளிப் பக்கத்து மதகுக்கு.
லஸ்கர் கோவிந்தராசு என்று போட்ட ஒற்றைத் தாள்.
அந்த ஏழு நாளுக்கு அதில் ஒரு பெயரும் இருந்தது:
பணியேற்பிடைக் காலம்.
நாலே நாளில் போய்ச் சேர்ந்தார்.
மிச்ச மூன்றும் விடுப்புக் கணக்கில் ஏறின.

எனக்கு ஒரு வருடம்.

கடைமடைக் கல்லூரியில் டி.சி. வாங்கித்
தலைமடைக் கல்லூரிக்கு வந்தவள்
பன்னிரண்டு மாதம் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.
விதி ஒன்பது, உட்பிரிவு ஆ.
பாடத்துக்கு அப்படி இல்லை.
வணிகவியல் இரண்டாம் ஆண்டு, கோ. அகல்யா,
சேர்ந்த அன்றைக்கே வருகைப்பதிவில் ஏறிவிட்டாள்.
கால்தான் ஊற வேண்டுமாம்.
விதைநெல்கூட ஒரு ராத்திரிதான் ஊறும்.

விலக்குக் கேட்கலாம் என்றார் எஸ்தர் மேடம்.
மூன்று நகல்.
அப்பாவின் மாறுதல் ஆணை, பச்சை மையோடு.
பழைய கல்லூரியின் தடையின்மைச் சான்று.
அதற்கே ஒரு மாதம் அலைந்தேன்.
'ரெய்டரைக் குடுத்துட்டு நாங்க
கோலாட்டமா ஆடறது?' என்றார் பழைய கோச்,
பிறகு கையெழுத்துப் போட்டார்,
பேனா தாளைக் கிழிக்கும்படி.

காரணம் என்ற கட்டத்தில் நாலு வரி இடம்.
'தந்தையின் பணியிட மாறுதல்' என்று எழுதினேன்.
பொய்யில்லை.

முழுசும் இல்லை.
விடுதியில் தங்கி அங்கேயே படித்திருக்கலாம்.
இங்கே மேட் இருக்கிறது.
அங்கே மண், ஐப்பசியில் களி,
பாடிப் போய்த் திரும்புவதற்குள்
முழங்கால் தோலில் பாதி எதிரணிக்குச் சொந்தம்.
இங்கே கட்டணம் கிடையாது. தினம் இரண்டு முட்டை.

குழு கேட்டது அதைத்தான்.
மூன்று பேர், ஒரு மின்விசிறி.
'புதிய கல்லூரி ஏதும் தருவதாகச் சொன்னதா?'
முட்டை என்று நாக்கு நுனிவரை வந்தது.
எஸ்தர் மேடம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.
இல்லை என்றேன்.
சொல்லும்போது மூச்சை விட்டுவிட்டேன்.
எதிராளி கோட்டில் நின்றிருந்தால் அவுட்.

கால்பந்துக்காரன் ஒருவனுக்குப்
பதினோரு நாளில் கிடைத்ததாம்.
அவன் கட்டத்தில் ஒரு மருத்துவமனை இருந்தது.
என்னுடையது பரிசீலனையில் உள்ளது.
ஆடியில் கேட்டாலும் பரிசீலனை,
ஆவணியில் கேட்டாலும் பரிசீலனை.

இதற்குள் மேட்டூர் திறந்து, கல்லணை திறந்து,
அப்பா திருகைச் சுற்றி ஷட்டரை ஏற்றி,
தண்ணீர் எங்கள் பழைய மதகையும் தாண்டிக்
கடலோரம் போய்விட்டது.
எந்த ஊரும் அதை
ஒரு வருடம் உட்கார் என்று சொல்லவில்லை.
(முறை வைத்தால் ஆறு நாள் நிறுத்துவோம் என்று
அப்பா திருத்தினார்.)

புரட்டாசியில் கும்பகோணத்தில் மண்டலப் போட்டி.
பழைய அணியும் புதிய அணியும்.
நான் மேசையில், ஸ்கோர் எழுத.
ஜுலைகா பாடி வந்தாள், என் பழைய இடது கார்னர்.
எங்கள் பெண்கள் தொடையைப் பிடித்து அமுக்கினார்கள்.
எங்கள் என்று நினைக்கும்போதே பேனா நின்றது.
வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.
வியர்வையில் அதே தேங்காயெண்ணெய் வாசம்.

'என்னடி, இன்னும் குடுக்கலையா?'
'இல்ல.'
'எத்தனை மாசம்?'

விரல் விட்டு எண்ணி முடிப்பதற்குள்
உள்ளே அவர்கள் ஒருத்தியைச் சாய்த்தார்கள்.
நடுவர் கை காட்டினார்.
ஜுலைகாவுக்கு உயிர் வந்துவிட்டது.
எழுந்து ஓடினாள்.
அவர்கள் கணக்கில் ஒன்று என்று எழுதினேன்.

சனிக்கிழமைதோறும் நகம் வெட்டுகிறேன்.
உள்ளே விடுமுன் நடுவர்
முதலில் பார்ப்பது அதைத்தான்.