ஈரப்பதம் பத்தொன்பது

புதுவயல் அரிசி ஆலையின் எடைமேடைக் கணினி
மூன்று நாளைக்கு ஒருமுறை
விடியற்காலையில் செத்துப்போகிறது.
"கோடையில ஒண்ணுமில்ல மேடம்,
ஐப்பசி பொறந்தா ஆரம்பிச்சிருது" என்கிறார்
எடைக்கூண்டுச் சவரிமுத்து.
இடி என்று நினைத்து
மண்ணுக்குள் செம்புத் தகடு புதைத்தார்கள்.
ஈரம் என்று நினைத்து
பெட்டியின் தலைக்கு மேல் அறுபது வாட் பல்பு
இரவும் பகலும்.
யாரும் புரோகிராமைச் சந்தேகிக்கவில்லை.
அதை எழுதியது நான்.

லேப்டாப்பைத் தவிட்டு மூட்டை மேல் வைத்து
உள்ளே பார்க்கிறேன்.
மெமரி படி ஏறுவதுபோல் ஏறுகிறது,
ஏறிய அளவுக்கு இறங்குவதில்லை.
ஒவ்வொரு லாரிக்கும் ஓர் இடம் கேட்டு வாங்குகிறேன்:
நம்பர், ஓட்டுநர் பெயர், எடை,
முன்னால் ஒரு படம், பின்னால் ஒரு படம்.
நெல்லை இறக்கி, வெறும் வண்டியாக மேடையேறி
சீட்டு வாங்கியதும்
இடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன்.
கொடுத்துவிடுகிறேன் என்றுதான் இருந்தேன்.

இந்தப் பக்கத்துக் கோயில் கணக்கில்
கல்யாணமான ஜோடி ஒரு புள்ளி.
புள்ளிக்கு வரி, வீட்டில் புள்ளிக்கு ஓர் அறை, ஒரு சாவி.
சாவி கோலாலம்பூரில்
ஏதோ மேசை இழுப்பறையில் கிடந்தால்
அறை இருக்கும், பங்கு இருக்கும்,
திறக்க வழி இருக்காது.
என் தொழிலில் சாவிக்குச் சுட்டி என்று பெயர்.
சுட்டி தொலைந்த இடத்தில்
குடியிருக்கவும் ஆளில்லை,
இன்னொருவருக்கு விடவும் முடியாது.

இரவு பதினொன்றரை. தகரத்தில் மழை.
வாங்கியதற்கு ஒரு கோடு,
கொடுத்தால் அதன் குறுக்கே ஒரு கோடு.
தஞ்சாவூர்ப் பக்கமிருந்து குறுவை ஏற்றிய லாரிகள்.
சவரிமுத்து குத்தூசியால் மூட்டையைக் குத்தி
ஒரு கை நெல்லை ஈரமானியில் கொட்டுகிறார்.
பதினாறு. உள்ளே போ.
பதினேழு. போ போ.
பத்தொன்பது.
"வண்டியத் திருப்புப்பா."
ஓட்டுநர் இறங்கி வந்து தார்ப்பாயைக் காட்டுகிறார்,
வானத்தைக் காட்டுகிறார்,
பிறகு எதையும் காட்டாமல்
வடக்கு வாசலால் போய்விடுகிறார்.
என் தாளில் குறுக்குக் கோடில்லாமல்
ஒரு கோடு நிற்கிறது.

வரி இருநூற்றுப் பதினான்கு:
ஈரப்பதம் பதினெட்டைத் தாண்டினால் திரும்பிப் போ.
போய்விடுகிறது,
கையில் வாங்கியதைக் கீழே வைக்காமல்.
முந்நூற்றுப் பதினொன்றாம் வரியில்
விளக்குமாறோடு நான் நிற்கிறேன்,
அந்த வழியே வராத லாரிக்காக.

போன முறை செத்தபோது கணினி விட்டுப்போன
மெமரியைப் பிரித்துப் பார்த்தேன்.
உள்ளே விட்ட லாரிகளின் சுவடே இல்லை.
திருப்பி அனுப்பியவை மட்டும்
அறுபத்து மூன்று,
நனைந்த தார்ப்பாயோடு, வரிசை குலையாமல்.
ஒரு படத்தில் ஓட்டுநரின் வாய் பாதி திறந்திருக்கிறது.
"இவன் மூணு தடவை வந்தான் மேடம்.
பத்தொம்போது, பத்தொம்போது, பதினெட்டரை."
அந்த அரையை அவர் சொன்ன விதத்தில்
நான் திரையைப் பார்த்துக்கொண்டேன்.

அவசரத்தில் விடுவிக்கும் வரியை
இரண்டு இடத்தில் எழுதிவிட்டேன்.
கொடுத்த இடத்தையே மறுபடி கொடுத்தால்
மூன்று நாள் பொறுக்காது,
அடுத்த லாரியிலேயே விழுந்தது.
சவரிமுத்து பல்பை அண்ணாந்து பார்த்தார்.
ஒன்றை அழித்தேன்.

நாலரை. நாலே முக்கால்.
இருபது ஈரத்தோடு ஒரு லாரி வந்து, நின்று, திரும்பியது.
எண் ஏறியது. இறங்கியது.
அதன் படம் இனி எங்கும் இல்லை,
அந்த ஓட்டுநர் கேட்டது எதற்கும் பதிலும் இல்லை.

"சரியாயிருச்சா?"
"ஆச்சு. இனி இந்த பல்பு வேண்டாம்ணே."
அவர் சுவிட்ச் வரைக்கும் போனார்.
பூச்சி மொய்க்கிற வெளிச்சத்தின் ஓரம்
வயிறு பருத்த பல்லி ஒன்று.
"இருக்கட்டும் மேடம்,
இதுக்குப் பழகிருச்சு."