இருபத்துநாலரை வோல்ட்

மூன்றாவது காயிலும் கருகிய பிறகு
பூவராகன் வந்து நிற்கிறார்,
பன்னிரண்டு அங்குல ஊஃபரைச்
செத்த கோழிபோல் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு.
"முதலாளி இல்லீங்களா?"
நான்தான் என்றேன், காயிலை முகர்ந்தபடி.
கருகிய வார்னிஷுக்கு ஒரு வாசனை உண்டு,
சிப்காட் காற்று வீசும் நாளிலும்
மஞ்சக்குப்பத்தில் எனக்குத் தனியாகத் தெரியும்.

"பவர் தாங்கலக்கா.
ஆயிரத்து இருநூறு வாட்னு அட்டையில போட்டிருந்தான்."
போடுவான்.
கல்யாணப் பத்திரிகையில்
மாப்பிள்ளை பேருக்குப் பின்னால் போடுவதில்லையா.
ஒரு நொடி தாங்குவது வேறு,
திண்டிவனம் வரைக்கும் தாங்குவது வேறு.
அந்தக் கணக்கில் இது முந்நூறு.

ஆம்ப்ளிஃபயரைக் காட்டச் சொன்னேன்.
சீட்டுக்கடியில் டிபன் பாக்ஸ் அளவில் கிடந்தது,
உள்ளபடி இருநூறு வாட்.
கெயின் திருகைப் போகிற மட்டும் திருகி
அதற்கு மேலும் திருகப் பார்த்த
ஸ்க்ரூடிரைவர் தழும்பு.

எப்படிச் சொல்ல இதை?
இருப்பதைக் கொடுத்து இது சாகவில்லை,
இல்லாததைக் கேட்டுக் கேட்டுச் செத்திருக்கிறது.
அலை ஏறும், ஏற உச்சி இருக்காது,
புயலில் தலை போன பனையாக
மொட்டையாய் நிற்கும்.
நிற்கிற நேரமெல்லாம் சூடு.
இருநூறு நானூறாகக் கொதிக்கும்,
பாட்டு அதில் ஒரு சொட்டும் கூடியிருக்காது.

பெட்டியைத் தட்டினேன்.
போன வருஷ வெள்ளத்தில் ஊறிய துகள் பலகை,
மூலையில் விரல் வைத்தால் காற்று வருகிறது.
அடைத்த பெட்டியில் காற்றுதான் ஸ்பிரிங்.
ஓட்டை விழுந்தால் கூம்பைத் தடுக்க ஆளில்லை,
தறிகெட்டு ஓடும்.
"அப்ப பெரிய பெட்டியா போட்டுடலாம்."
பெரியது இல்லை. சரியானது.

துறைமுகத்தில் ராயப்பன் தந்தான்
படகு அறைக்கு அறுத்ததில் மிஞ்சிய பிளைவுட்.
உப்புத் தண்ணீர் பார்க்கப் பிறந்த பலகை,
டிக்கியில் உட்காரப் போகிறது.
உள்ளே முப்பத்தைந்து லிட்டர்.
கணக்கு சரியா என்று பொரியைக் கொட்டி அளந்தேன்,
ஆயுதபூஜைக்கு வாங்கியதில் அரை மூட்டை மிச்சம்.
பூவராகன் ஒரு கை அள்ளி வாயில் போட்டார்.
அதையும் கழித்துக்கொண்டேன்.

புதுக் காயில், நாலு ஓம் இரண்டு.
நாலும் நாலும் எட்டு, அது பள்ளிக்கூடம்.
பக்கம் பக்கமாக நிறுத்திச் சேர்த்தால்
இரண்டு.
இரண்டு ஓமில் முந்நூற்றைம்பது தருகிற ஆம்ப்,
கட்டைவிரல் தடிமனில் ஒயர்,
பேட்டரியிலிருந்து ஒரு முழத்துக்குள் ஃபியூஸ்.
பூக்காரி முழம் இல்லை,
டேப் வைத்த முழம்.

ஊஃபரைக் கழற்றி வைத்துவிட்டு
ஐம்பது ஹெர்ட்ஸ் முனகலை ஓடவிட்டு
மீட்டரைப் பார்த்துக்கொண்டே திருகினேன்.
முந்நூறை இரண்டால் பெருக்கி
வர்க்கமூலம் எடுத்தால்
இருபத்துநாலரை.
அங்கே நிறுத்தினேன்.
திருகு பாதிகூட வந்திருக்காது.
"இன்னும் இருக்கேக்கா."
இருக்கட்டும்.
கைப்பையிலிருந்து நகப்பூச்சு எடுத்து
திருகின் தலையில் ஒரு சொட்டு வைத்தேன்,
சிவப்பு. இனி அசைத்தால் எனக்குத் தெரியும்.

பாட்டு போட்டதும்
பக்கத்து மருந்துக்கடை மைமூன் ஓடி வந்தாள்,
இருமல் பாட்டிலெல்லாம்
ஷெல்ஃபில் அரை அங்குலம் நகர்ந்துவிட்டதாம்.
பூவராகன் இறங்கவில்லை.
பின்பக்கம் கையை நீட்டி
பெட்டிமேல் உள்ளங்கை வைத்திருந்தார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
"சத்தமே போடல," என்றார்.
கொஞ்ச நேரம் கழித்து,
"ஆனா வருது."

எண்ணூறு ரூபாய் பாக்கி, வெள்ளிக்கிழமை தருவாராம்.

இருட்டத் தொடங்கியிருந்தது.
முன்பெல்லாம் அடிக்கு அடி கண் மூடும் வண்டி அது,
ஒவ்வொரு தாளத்துக்கும் விளக்கு மங்கும்.
கெடிலம் பாலத்தில் ஏறும்போது
செருப்புக்கடியில் இன்னும் லேசாக அதிர,
பின்விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன்.
இமைக்கவில்லை.
நாலு அடி எண்ணினேன், மறுபடி நாலு.

பிறகு உள்ளே போய்
தரையெல்லாம் சிந்திக் கிடந்த பொரியைக் கூட்டினேன்.