தண்ணிக் கழிவு

தங்கச்சிமடம் மேல்நிலைப் பள்ளியில்
பன்னிரண்டு கணினி. ஏழுதான் உயிரோடு.
மிச்சத்தை உப்புக் காற்று தின்றுவிட்டது.

"நிஜக் கணக்கு ஏதாவது கொண்டாங்க"
என்றார் பிரிசில்லா டீச்சர்.
அப்பாவின் நண்டுக் கம்பெனி நோட்டைக்
கொண்டுபோனேன். பெருமையாகத்தான்.

பேரேட்டில் பற்று இடப்பக்கம்.
நாட்டுப்பற்று எந்தப் பக்கம் என்று கேட்டு
ஒருமுறை வெளியே நின்றவன் நான்.

செபமாலை, நாலு கிலோ.
சூசையம்மாள், மூன்றே முக்கால்.
கிலோவுக்கு நூறு கிராம் தண்ணிக் கழிவு,
எல்லாப் பெயருக்கும், எல்லா நாளும்.
நண்டு நனைந்துதானே வரும், இதில் என்ன.

எக்செல்லில் சூத்திரத்தைக்
கீழே இழுத்தான் சவேரி.
பதினேழாவது வரிசை அவன் அம்மா.
கூட்டல் போட்டோம்.
ஒரு பருவத்தில் தண்ணீர் மட்டும்
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் கிலோ.

யாரோ சிரிக்கப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

"கூட்டல் சரி" என்றார் டீச்சர்.
"அந்தக் கட்டத்துக்குத் தலைப்பு இல்லையே,
என்ன போடலாம்?"

சவேரி என்னைப் பார்க்கவில்லை.
கீபோர்டை மட்டும் என் பக்கம் தள்ளினான்.

கழிவு என்று அடித்தேன். அழித்தேன்.
வரவு என்று அடித்தேன். விரல் கூசியது.
கரண்ட் போய் யுபிஎஸ் கத்தத் தொடங்கியது,
ஐந்து நிமிடம்தான் தாங்கும் அது.

தரவேண்டியது
என்று அடித்துச் சேமித்தேன்.

சாயங்காலம் கம்பெனி வாசலில்
அப்பா எடை போட்டுக்கொண்டிருந்தார்.
கூடையோடு ஆறேழு பேர் வரிசையில்.
தராசிலிருந்து கண்ணெடுக்காமல்
கை நீட்டினார்:
"நோட்டு எங்கடா?"