‘ஆகவே’ வைத்து ஐந்து வாக்கியம்

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் வீட்டுப்பாடம்:
‘ஆகவே’ என்ற சொல்லை வைத்து
ஐந்து வாக்கியம் எழுதி வருக.

முதலாவது எனக்குப் பழசு.
பள்ளிக் கடைசி வருடம், தத்துவத் தேர்வு,
நாலு மணி நேரம் பிரெஞ்சில் எழுதி
விரல் மரத்துப்போனது:
சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்.
அந்த மொழியில் ‘இருக்கிறேன்’ என்றாலும்
‘பின்னால் போகிறேன்’ என்றாலும்
ஒரே சொல்.
கடைசி பெஞ்சு ழில்பேர் கேட்டான்:
சரி, யார் பின்னால்?
வெளியே அனுப்பினார்கள்.
நனைந்தான், ஆகவே இருந்தான்
ஜன்னலுக்கு அந்தப் பக்கம்.

இப்போது சேந்த் ஆந்த்ரே நகராட்சியில்
மூன்றாம் கவுண்டர் என்னுடையது.
உயிரோடு இருப்பவர்களுக்கு
உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் தருகிறேன்.

திங்களன்று வந்தவள் ரோஸ்மே கானபாதி.
கணவர் வழி ஓய்வூதியம் மார்ச்சோடு நின்றுவிட்டது.
கம்ப்யூட்டரில் அவளும் இறந்திருந்தாள்.
“பஸ்ஸில் டிக்கெட் எடுத்து வந்தேன்.
செத்தவளிடம் காசு வாங்குவானா டிரைவர்?”
கிரயோலில் கத்தியபடி டிக்கெட்டை வைத்தாள்.
அதைத் தேடப் பையிலிருந்து எடுத்த
நாலு சௌசௌக்காயையும் வைத்தாள்.
“முழங்கால் வலிக்கிறது, ஆகவே இருக்கிறேன்.
மருமகளுக்கு என்னைப் பிடிக்கவில்லை,
ஆகவே நிச்சயமாக இருக்கிறேன்.
நேற்று மிளகாய் அரைத்த கையால் கண்ணைத் தேய்த்தேன்,
அந்த அரை மணி இருந்த மாதிரி
ஆயுளில் நான் இருந்ததே இல்லை.”
வரிசை சிரித்தது.
நீலத் தொப்பிக்காரர் ஒருவர் முணுமுணுத்தார்:
கடன்பட்டிருக்கிறேன், ஆகவே
பாங்க்காவது நம்புகிறது நான் இருப்பதை.

படிவத்தில் சிந்தனைக்குக் கட்டம் கிடையாது.
இன்று என் முன் வந்து நின்றாரா, அவ்வளவுதான்.
நின்றாள். குத்தினேன்.
மூன்று மணி பத்து நிமிடத்திலிருந்து
ரோஸ்மே கானபாதி மறுபடி இருக்கிறாள்.

இரவு நோட்டைத் திறந்து
சிந்திப்பதற்கு வேறு சொல் உண்டா என்று தேடினேன்.
எண்ணு.
அதே வரியில் இரண்டாம் பொருள்: ஒன்று, இரண்டு, மூன்று.
நான் எண்ணுகிறேன், ஆகவே நான் இருக்கிறேன்
என்று எழுதியதும் பேனா நின்றுவிட்டது.

ஆவணக் காப்பகத்தில் ஒருமுறை பார்த்தேன்
கப்பலிலிருந்து இறங்கிய சின்னமலையை.
எழுதியவன் காதில் அவர் சினிமாலே.
நாங்கள் இன்றுவரை சினிமாலே.
பெயருக்கு முன்னால் ஓர் எண்,
உயரம், தழும்பு, இறங்கிய தேதி.
அவரை எண்ணினார்கள், ஆகவே இருந்தார்.
கரும்பு வெட்டும்போது
அவர் எதை எண்ணினார் என்பதற்கு
அந்தப் பேரேட்டில் இடம் விடவில்லை.

வாத்தியார் சிவப்பு மையில்
என் ‘நான்’களை எல்லாம் அடித்துவிட்டார்.
தேவையில்லை மதாம்,
வினையின் வாலிலேயே நீங்கள் இருக்கிறீர்கள்.
வாலைப் பார்த்தேன்.
இருக்கிறேன்.
வெட்டிப் பார்த்தால் கடைசியில் உட்கார்ந்திருக்கிறது
ஏன்.
அவரிடம் காட்டவில்லை. விகுதி என்பார்.

ஐந்து கேட்டார்.
எத்தனை எழுதினேன் என்று எண்ணவில்லை.

ரோஸ்மே ஒரு சௌசௌவை மறந்து போயிருந்தாள்.
மண் இல்லை, தண்ணீர் காட்டவில்லை,
ஸ்டேப்ளருக்கும் முத்திரைப் பெட்டிக்கும் நடுவில்
பிளந்த வாயிலிருந்து
சுண்டுவிரல் நீளத்துக்கு முளை.
இதில் ‘ஆகவே’யை
எங்கே வைப்பது?