குரல் வளம்: ஐந்துக்கு இரண்டு

பதினோரு வருடமாக நான்காம் அலகுக்கு
நோட்ஸ் சொல்லிவருகிறேன்.
அக்கறை என்றால் என்ன? இரண்டு மதிப்பெண்.
அக்கறையுள்ள ஆசிரியரின் பண்புகள் யாவை? ஐந்து.
காற்புள்ளி எங்கே என்று கேட்டு
எழுதிக்கொள்வார்கள்.

மாதிரித் தேர்வில் முப்பிடாதி
எல்லா இடத்திலும் சின்ன 'ர' போட்டிருந்தாள்.
அக்கரையுள்ள ஆசிரியர். அக்கரை காட்டுதல்.
ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைதானே என்று
ஸ்டாஃப் ரூமில் வாசித்துச் சிரித்தோம்.
அரை மார்க் குறைத்தேன்.

கற்பித்தல் பயிற்சியின் முதல் வாரம்
அவள் பதிவேட்டில் நான் எழுதியது:
'கண்டிப்புப் போதாது. வகுப்பு கையில் இல்லை.'
குழாயடியில் வெகுநேரம் முகம் கழுவினாள்.
பார்த்தேன்.
எனக்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

இன்று இரண்டாம் முறை.
ஆற்றுப் பாலம் தாண்டி முக்கூடலில் இறங்கும்போதே
புகையிலை நெடி தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும்.
ஏழாம் வகுப்பு, பி பிரிவு. கடைசி பெஞ்சு எனக்கு.
மடியில் மதிப்பீட்டுப் படிவம், இருபது கட்டம்.

பின்னம் நடத்தினாள்.
ஆப்பிளை நாலாக வெட்டி வரைந்த அட்டை
ஆணியில் தொங்கியது, அதைத் தொடவே இல்லை.
"ஆயிரம் பீடியில நாலு கட்ட
கழிவுன்னு தள்ளிட்டான். எத்தனைல ஒரு பங்கு?"
கட்டுக்கு இருபத்தைந்து என்று
யாரும் யாருக்கும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

மூன்றாவது வரிசையில் மாசானமுத்து
தலை சாய்த்தான். சாய்ந்தவன் எழவில்லை.
நான் பேனாவை அமுக்கினேன்.

அவள் அவன் விரலைப் பார்த்தாள்.
ராத்திரி முழுக்க பீடிக்குத் தலை மடக்கிய விரல்,
நகம் கறுத்திருந்தது.
அவளுக்கும் அந்த நகம் உண்டு.
கல்லூரிக்கு வந்த புதிதில்
மருதாணியா என்று கேட்டிருக்கிறேன்.

பாடம் நிற்கவில்லை.
குரலை மட்டும் ஒரு படி இறக்கினாள்.
பிறகு இன்னொரு படி.
முப்பத்தாறு பிள்ளைகளும் கூடவே இறங்கினார்கள்,
மார்கழி ஆற்றில் கால் வைப்பதுபோல,
குளிருமோ குளிருமோ என்று.
விடை தெரிந்தவர்கள் கையைத் தூக்கிவிட்டு
மறு கையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.
பத்தில் ஒன்று, பத்தில் ஒன்று என்று
ரகசியம்போல வகுப்பைச் சுற்றி வந்தது விடை.

கடைசி பெஞ்சுக்குப் பாதிதான் கேட்டது.
படிவம் சொல்கிறது:
'கடைசி இருக்கைவரை தெளிவாக ஒலிக்க வேண்டும்.'
குரல் வளம், ஐந்துக்கு இரண்டு.
மூடினால் 'டிக்' என்று கேட்குமே என்று
பேனாவை மூடாமல் மடியில் வைத்திருந்தேன்.
சேலையில் நீலமாய் ஒரு கோடு இழுத்துவிட்டது.

மணிக்கு ஒரு நிமிடம் இருக்கையில்
நடந்து மூன்றாவது வரிசைக்குப் போனாள்.
தண்டவாளத் துண்டு அலறியபோது
அவன் காதின்மேல் அவள் கை இருந்தது,
சாக்பீஸ் அப்பிய கை.

வெளியே வந்து கேட்டாள்:
"குரல் கம்மியாயிட்டுல்லா மேடம். மார்க்கு போயிருமா?"
"போகும்" என்றேன்.
"சரி மேடம்."
"காலைல சாப்ட்டியாட்டி?"
அவள் என் கையிலிருந்த படிவத்தைப் பார்த்தாள்,
இது எத்தனையாவது கட்டம் என்பதுபோல.

நாலு இட்லி இருந்தது, எள்ளுப்பொடியோடு.
ஆளுக்கு இரண்டு.
குழாயடிப் பக்கம் நான் பார்க்கவில்லை,
அவளும் பார்க்கவில்லை.

குறிப்புரைக்கு மூன்று வரி இடம் விட்டிருப்பார்கள்,
ஒருவரும் வாசிப்பதில்லை.
'மாணவன் ஒருவன் உறங்கினான். பாடம் நடந்தது'
என்று எழுதினேன்.
அடுத்த சொல்லுக்கு எந்த 'ர' என்று
கை ஒரு நொடி நின்றது. விட்டுவிட்டேன்.

சத்துணவு வரிசையில் மாசானமுத்து.
தட்டு நெஞ்சோடு, ஒரு காது மட்டும் வெள்ளை.
பின்னால் நிற்பவள் சிரிக்கிறாள்.
"என்னட்டி? என்னத்துக்குச் சிரிக்க?" என்று
மற்றக் காதைப் போட்டுத் துடைக்கிறான்.