இரண்டாம் நடுவர்

ஞானதிரவியம் ஏணிமேல் நிற்கிறான்.
நான் எதிர்க் கம்பத்தின் அடியில்.
நடுவே வலை.

பெரியப்பா மகன்தான்.
பேசி ஆறு வருஷம்.
ராதாபுரம் தாலுகா ஆபீசில்
கிணற்றடி எல்லைக்கல் முன்னே எங்கே கிடந்தது என்று
சர்வேயர் கேட்டதற்கு நான் கை நீட்டிக் காட்டினேன்.
"இவன் பாத்தேன்னு சொன்னா நம்பாதீங்க சார்,
இவன் கண்ணு அப்பிடி" என்றான்.
அதோடு சரி.
துட்டி வீடுகளில்கூட
அவன் பைக் போன பிறகே நான் நுழைவது.

சேர்மக்கனி அண்ணாச்சிக்கு, சங்கச் செயலாளர்,
இந்தக் கதை தெரியாது.
அல்லது நன்றாகத் தெரியும்.
வடக்கன்குளம் இரவு ஆட்டத்துக்கு
எங்கள் இரண்டு பேரையும் போட்டுவிட்டார்.

ஒவ்வொரு சர்வீஸுக்கு முன்னும்
அவன் என்னைப் பார்த்தாக வேண்டும்.
நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.
விதி.
ஒரு செட்டுக்கு நாற்பது தடவை, ஐம்பது தடவை.
கல்யாணமான புதிதில் என் வீட்டுக்காரியைக்கூட
நான் அவ்வளவு பார்த்ததில்லை.

ஆடிக் காற்று.
காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
மலையடி வரைக்கும் அணைந்து அணைந்து எரிகின்றன.
தூக்கிப் போட்ட பந்து
யோசித்துவிட்டு வேறிடத்தில் இறங்குகிறது.
அவன் உள்ளங்கையை மெல்ல மேலே தூக்குகிறான்:
பிடித்து எறிந்தாய்.
நான் விசிலோடு வலையைக் காட்டுகிறேன்:
உன் முழங்கை பட்டது.
ஆள் மாற்றம் கேட்கிறார்கள்,
முன்கைகள் இரண்டையும் ஒன்றையொன்று சுற்றவிடுகிறேன்,
கயிறு திரிப்பதுபோல.
வாயில் விசில் இருப்பதால்
யாரும் பேச வேண்டியதில்லை.
இது எனக்கு வசதி.

ஐந்தாம் செட். பதினாலு, பதிமூணு.
உவரிக்காரன் அடித்தது
கோட்டுக்கு வெளியே ஒரு முழம் தள்ளிப் புழுதி கிளப்பியது.
ஞானதிரவியம் ஊதினான்.
இரு கைகளையும் மடக்கி உயர்த்தி,
உள்ளங்கைகள் தன் பக்கம்:
அவுட்.
ஆனைகுடிப் பயல்கள் ஏற்கெனவே ஆடத் தொடங்கியாயிற்று.

நான் பார்த்தேன்.
இசக்கிதுரையின் சுண்டுவிரல்.
நகம்கூட இல்லை, நகத்தின் ஓரம்.
பந்து அங்கே ஒரு மயிரிழை திரும்பியது.

இரண்டாம் நடுவர் தன் எல்லைக்கு வெளியே
கண்ட தவறைக் காட்டலாம்;
வற்புறுத்தக் கூடாது.
இடது கையை நெஞ்சுக்கு முன் நிறுத்தி
வலது உள்ளங்கையால் விரல்நுனிகளைத் தடவினேன்,
ஒரே தடவை,
சட்டையில் ஒட்டிய உமியைத் தட்டுகிற மாதிரி.

அவன் பார்த்தான்.
கிணற்றடிக் கல்லைப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தான்.
எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியவில்லை.
பிறகு கை உவரிப் பக்கம் நீண்டது.
மறுகை எழுந்து நின்றது.
அவன் உள்ளங்கை அவன் விரல்களைத் தடவியது.

வசவு வந்தது.
தண்ணீர் பாக்கெட் வந்தது.
"ரெண்டு பேரும் ஒரே ரத்தம்லா, பேசி வச்சுட்டானுவ"
என்று யாரோ கத்தினான்.
எனக்குச் சிரிப்பு வந்தது.
இசக்கிதுரை மட்டும் கத்தவில்லை,
சுண்டுவிரலைக் கைக்குள் மடக்கி வைத்திருந்தான்.

ஸ்கோர் ஷீட்டில் அவன் கையெழுத்துப் போட்டு
பேனாவை மூடாமல் மேஜையில் வைத்தான்.
நான் எடுத்துப் போட்டேன்.
பேச்சில்லை.

காவல்கிணறு விலக்கில்
அவன் பைக் நின்றிருந்தது.
என் வண்டியும் எப்படியோ நின்றது.
டீக்கடைக்காரனைப் பார்த்து
இரண்டு விரலைத் தூக்கினான், நன்றாக விரித்து.
இரட்டைத் தொடுகை என்று
விசிலைத் தேடியது என் கழுத்துப் பக்கம் போன கை.
கிளாஸ் ஒன்று என் பக்கம் நகர்ந்தது.

போன வருஷம் எனக்குச் சுகர் வந்தது.
அவனுக்குத் தெரியாது.

குடித்தேன்.
அடியில் கரையாமல் கிடந்த சீனியையும்
ஆட்டிக் குடித்தேன்.