நூற்றறுபது

பிரிட்ஜ் நின்றுபோன அன்று
மெக்கானிக் பினு பின்பக்கம் குனிந்து மோந்து பார்த்து
காயில் போச்சு என்றான்.
பிளக்கில் மீட்டரைக் குத்தினான்: நூற்றறுபது.
ரொம்ப நாளா இதிலதான் ஓடியிருக்கு, பாக்கலியா சார்?

முப்பத்திநாலு வருஷம் அருமனை செக்ஷனில் இருந்தவன் நான்.
களியல் முதல் மேல்புறம் வரை
எத்தனை வாசலில் நின்று சொல்லியிருப்பேன்:
கரண்டு அடியோட போனா பேடிக்காண்டாம்,
மெஷின் சும்மா கிடக்கும்.
குறைஞ்சு வந்தாத்தான் கேடு.
பல்பு எரியும், ஃபேன் சுற்றும்,
உள்ளே சுருள் வெந்துகொண்டிருக்கும்.

குளோறிபாய்
உருகி வழிந்த தண்ணீரைத் துணியால் ஒற்றிப் பிழிந்தபடி
யாரிடமோ போலச் சொன்னாள்:
இந்த வீட்டில குறைஞ்சு ஓடுறது இது ஒண்ணுதானா.

நான் வாரண்டி கார்டைத் தேடப் போனேன்.

எனக்கு ஒன்றும் நடந்துவிடவில்லை.
அதுதான் சொல்லக் கூச்சம்.
பென்ஷன் தேதி தவறுவதில்லை.
மகள் அபுதாபியிலிருந்து ஞாயிறுதோறும் கூப்பிடுகிறாள்,
பேரன் போனில் நெற்றியை மட்டும் காட்டுகிறான்.
செத்தவர்கள் அவரவர் முறைக்குச் செத்தார்கள்.
அழுகை இல்லை. சாகவேண்டும் என்றும் இல்லை.
சாளைப் புளிமுளம் மட்டும்
நனைந்த அட்டையை மெல்லுவதுபோல்.

மூன்று மணிக்குக் கண் திறந்துகொள்ளும்.
ஜன்னலுக்கு வெளியே
ரப்பர் வெட்டுகிறவன் தலைவிளக்கு
விளையில் மரம் மரமாக நகரும்.
அவனுக்குப் போக அடுத்த மரம் இருக்கிறது.

மாத்திரை டப்பாவில்
செவ்வாய் திறக்கவில்லை, புதன் திறக்கவில்லை.
மறதி இல்லை அது.
கை அவ்வளவு தூரம் போகவில்லை.
ஜங்ஷன் வரை சாயங்கால நடை
இடவப்பாதி மழையில் நின்றது,
துலா மழையும் பெய்து ஓய்ந்துவிட்டது, நான் இறங்கவில்லை.
பெருவிரலில் செருப்பு உரசிய புண்;
அதைப் பார்க்கக் குனியவேண்டும்.
பெல்ட்டில் மட்டும் ஆணி அடித்துப் புது ஓட்டை போட்டேன்,
பிறகு இன்னொன்று,
அளவு பிசகாமல்.

புண் மணக்கத் தொடங்கிய பிறகுதான்
குளோறிபாய் ஆட்டோ பிடித்தாள்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில்
கையில் பட்டை சுற்றிக் காற்றடித்த நர்ஸ்
நூற்றறுபது என்றாள்.
சிரித்துவிட்டேன். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு.
என்ன சார்?
ஒண்ணுமில்லே, வீட்டிலயும் இதே ரீடிங்தான்.

கட்டுப் போட்டபின் ஒரு தாளை எடுத்துக் கேட்டாள்.
எதிலாவது நாட்டம் குறைஞ்சிருக்கா?
இல்லை, சில நாள், பாதி நாள், எல்லா நாளும்.
சில நாள் என்றேன்.
தூக்கம்?
சில நாள்.
பசி?
அதுவும் சில நாள் என்று போடுங்க.
கூட்டிப் பார்த்துவிட்டு, லேசாத்தான் இருக்கு என்றாள்.
எழுந்திருக்கப் பார்த்தேன்.
இருங்க சார், லேசா இருக்கிறதைத்தான் யாரும் கொண்டுவந்து காட்டுறதில்லே.
சுகர் இப்பிடி ஏறிக்கிடக்கு, கால் இப்பிடி.
இது எப்ப முதலு?

அது என் கேள்வி.
புகார் புத்தகத்தைத் திறந்து முதலில் அதைத்தான் கேட்பேன்:
எப்ப முதலு மங்குது?
நேத்து முதலு என்பார்கள் எல்லாரும்.
ஒருத்தரும் பொய் சொல்லவில்லை,
மங்கலுக்குக் கண் பழகிவிடும்.

நேத்து என்று வாயெடுத்தேன்.
வாசலில் குடையோடு நின்ற குளோறிபாய்
உள்ளே வராமலே சொன்னாள்:
போன அயினிச்சக்கைக் காலம் முதலு.
சக்கை பழுத்து முற்றத்தில விழுந்து கிடந்து,
இவரு அதைத் தாண்டித் தாண்டி நடந்தாரு.

நர்ஸ் எழுதினாள்.
எட்டிப் பார்த்தேன்.
வருஷம் பிறந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது,
தேதியில் பழைய வருஷத்தையே போட்டிருந்தாள்.
பேனாவை வாங்கி
நானே திருத்தினேன்.